சாமி வந்த வீடியோ

புந்தோங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடை. காலையில் வேலைக்குப் போகும் வழியில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் கட்டி வாங்கிக்கொள்வேன். என் மகளுக்கு என்ன நோய் என்பது அந்தக் கடையில்தான் எனக்குத் தெரிந்தது, கடைக்காரரின் கைப்பேசியில். எனக்கு முன்னால் முகம் தெரியாத எத்தனையோ பேர் அதைத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

அதற்குச் சில நாள் முன்பு, சிலிம் ரிவர் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது, திருவிழாவுக்கு எல்லாரும் காரில் வந்து இறங்குகிறோம். கல்லூரி விடுதியிலிருந்து மகளும் வந்திருந்தாள்.

கரகம் கோயில் வாசலை நெருங்கும்போது உறுமிச் சத்தம் உச்சத்துக்குப் போனது. மகள் அப்படியே சாய்ந்தாள். கண் மேலே செருகியது, கையும் காலும் வெட்டி இழுத்தன.

"சாமி வந்திருச்சு! தள்ளி நில்லுங்க லா!"

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தலைக்கு மேல் வேப்பிலையை வீசினாள். இன்னொருத்தி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அவள் வாயில் விட்டாள். எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சாமி வருவது உண்டு. அடுத்தது இவள் என்று நினைத்து, கும்பிட்ட கையோடு கண்ணை மூடிக்கொண்டேன்.

தோட்டத்துக் கோயில் விழாக்களைப் படமெடுத்துத் தன் முகநூல் பக்கத்தில் போடுகிற ஒருவர் அங்கே இருந்தார். உறுமிச் சத்தத்தைக் கூட்டி, கண் செருகும் இடத்தை மெதுவாக ஓடவிட்டு, அன்றே போட்டுவிட்டார். கீழே வரிசையாக "தாயே, காப்பாத்து". மறுநாள் வேறு யாரோ அதையே வெட்டி, ஆட்டப் பாட்டு ஒன்றைச் சேர்த்துச் சிரிப்புப் படமாக்கியிருந்தார்கள். அது வலித்தது. ஆனால் முதல் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியது நான்தான்.

"உங்க மக பேமஸ் ஆயிட்டா லா அக்கா. தைப்பிங்லேருந்து என் மச்சான் அனுப்புறான்," என்றார் கடைக்காரர். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு காலையில் அவர் சிரிக்கவில்லை.

"இதப் பாத்தீங்களா அக்கா?"

அவர் நீட்டிய கைப்பேசியில், விடுதி அறையில் தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டு மகள் பேசிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் ஷேர் பண்றீங்களே, அதுல இருக்கிறது நான்தான். அது சாமி இல்ல. எனக்கு வலிப்பு நோய். போன வருஷத்துலேருந்து மருந்து சாப்பிடுறேன். யாராவது இப்படி விழுந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க. ஒரு பக்கமாத் திருப்பிப் படுக்க வைங்க." பிறகு பழைய படத்தை ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால், மஞ்சள் புடவையில், கண்ணை மூடிக் கும்பிட்டபடி நான்.

"உக்காருங்க அக்கா. தண்ணி குடிங்க," என்று கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வெளியே வந்து மகளைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"ஊருக்கே சொல்லிட்ட. என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கோயிலுக்குத்தான் கூட்டிட்டுப் போயிருப்பீங்கம்மா."

"நான் படிச்சவ லா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேனா?"

"அன்னிக்கும் படிச்சவங்கதானேம்மா நீங்க? விரதம்னு என் பக்கத்துலேயே இருந்தீங்க. உங்களுக்குத் தெரியாம மருந்து போட முடியல. அதான் விழுந்தேன்."

அன்று வேலைக்குப் போகவில்லை. மதியம் நாத்தனார் கமுந்திங்கிலிருந்து அழைத்தாள். "அழிக்கச் சொல்லுங்க அண்ணி. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல பாத்தா யாரு கட்டுவா? சாமி வந்துச்சுன்னே இருந்துட்டுப் போகட்டும்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வார இறுதியில் மகள் வீட்டுக்கு வந்ததும் அதையேதான் கேட்டேன்.

"அழிச்சிட்டா அந்தச் சாமி வீடியோ மட்டும்தான் மிச்சம் இருக்கும்," என்றாள். "நாளைக்கு நான் எங்க விழுந்தாலும் எலுமிச்சம்பழத்தத்தான் தேடுவாங்கம்மா."

அந்த நீல உதடு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. "எப்படித் திருப்பணும்? காட்டு," என்றேன்.

கூடத்தில் பாயை விரித்துப் படுத்தாள். ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைக்கச் சொன்னாள். "பயப்படாதீங்க, உடைஞ்சிட மாட்டேன்," என்று சிரித்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது திருப்பிப் படுக்க வைத்ததற்குப் பிறகு அவளை அப்படித் தொட்டதே இல்லை.

"இத வீடியோ எடுத்துப் போடவாம்மா?"

"என் முகம் வேணாம்," என்றேன்.

அந்தப் படத்தில் என் கைகள் மட்டும்தான் தெரிகின்றன. அவை நடுங்குவதும் தெரிகிறது. திரும்ப எடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே போடு என்றேன்.