போயாவுக்கு அணைத்த வேன் பதிவு

படுக்கையில் இருக்கும் சஞ்சீவனியின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் பேராதனைக்குப் போய்வருகிறேன். சஞ்சீவனிக்கு வீட்டிலேயே கணினி வேலை. நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி வேன் பதியும் செயலியை அவளது கம்பெனி நடத்துகிறது. அது வாடகைக் கிளவுட் கணினிகளில், கன்டெய்னர் என்னும் தனித்தனிப் பெட்டிகளாக ஓடுகிறது. ஓடும் நேரமெல்லாம் வாடகை.

பில்லைக் குறைக்கச் சொன்னார்கள். சும்மா கிடந்த பெட்டிகளை அணைத்தாள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் கிளினிக் இல்லை, யார் வேன் பதிவார்கள் என்று நினைத்து, பதிவுப் பெட்டியும் அன்று தானாக அணையும்படி வைத்தாள். பில் நன்றாக இறங்கியது. பாராட்டினார்கள்.

வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் வீரம்மாவுக்கு டயலிசிஸ். மகன் சதீஸ் வேலைசெய்யும் மலையில் சிக்னல் கிடையாது. போயா லீவில்தான் போனோடு உட்காருவான். அன்று பதிந்தான், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. பதிவாகிவிட்டது என்று நம்பினான். மறுநாள் வேன் வரவில்லை. டயலிசிஸ் தவறி, மூச்சு முட்டி, வீரம்மாவை வார்டில் சேர்த்தார்கள். முறைப்பாடு கம்பெனிக்கு வந்தது.

சஞ்சீவனி சாப்பிடாமல் இருந்தாள்.

"அவங்க செத்திருந்தா, ஆன்ட்டி?"

"சாகல. சோத்தைத் தின்னு."

"நெட்வொர்க் பிழைன்னு பதில் எழுதச் சொல்றாங்க."

"யாரு பிழை?"

"என்னுது."

"அப்ப அவங்ககிட்டயே போய்ச் சொல்லிட்டு வா. இங்க அழுதா உங்கம்மாவுக்குத்தான் பிரஷர் ஏறும்."

தனியாகப் போகப் பயந்தாள்; கூடப் போனேன். வீரம்மா வீடு திரும்பியிருந்தாள். கால் வீக்கம் முழுதாக வற்றவில்லை. சஞ்சீவனி எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"எங்களுக்கு லீவே போயாவுக்குத்தான் மிஸ்," என்றான் சதீஸ். "அன்னைக்குப் பாத்து கடையப் பூட்டினா நாங்க எப்ப வர்றது?"

"சும்மா இருடா. மிஸ்ஸுக்கு டீ ஊத்து," என்றாள் வீரம்மா. "எனக்குத்தான் டாக்டர் தண்ணி அளவு வச்சிருக்காரு. அவங்களாச்சும் குடிக்கட்டும்."

சஞ்சீவனி குடிக்கவில்லை. கோப்பையைப் பிடித்தபடியே இருந்தாள்.

கம்பெனிக்கு உண்மையை எழுதினாள். பதிவுப் பெட்டி இப்போது எந்நாளும் ஓடுகிறது. சோதனைக்கு ஓடவிட்டு மறந்தவற்றை நிறுத்தினாள். தேவைக்கு மேல் இடம் பிடித்திருந்த பெட்டிகளைச் சுருக்கினாள். பில் முன்போல் இறங்கவில்லை. மேலாளருக்கு முகம் கோணல்தான். எதை அணைப்பதானாலும் முதலில் வேன்காரர்களைக் கேட்கிறாள், யார் எப்போது பதிகிறார்கள் என்று.

போயாவுக்கு லீவு எடு என்கிறேன். கேட்பதில்லை. திரையில் ஒவ்வொரு பதிவும் வந்து விழுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.