அம்மணசாமிக்கு ஒரு சேலைத்துணி

அருங்காட்சியகத்தின் ஏசி குளிரில், கண்ணாடிக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. பலகையில் ‘சமணத் தீர்த்தங்கரர்’ என்றிருந்தது. எங்களுக்கு அவர் அம்மணசாமி.

பாபநாசத்துக்குத் தெற்கே, இப்போது புறவழிச்சாலை ஓடும் இடத்தில், வௌவால் நாற்றமும் தவளைச் சத்தமுமாகக் கிடந்த, கூரை பாதி இடிந்த செங்கல் கோயிலில் நின்றிருந்தார். சமணரைக் குறிக்கும் ‘அமணர்’ என்ற பழைய சொல்லை ‘அம்மணம்’ என்று எடுத்துக்கொண்ட நடவுப் பெண்கள், ஐப்பசி மழை பிடித்ததும் சேற்றுக்கையோடு வரப்பேறி வந்து, அவர் இடுப்பில் பழைய சேலைத்துணியைச் சுற்றிவிடுவார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

“பாவம், நனைஞ்சுகிட்டே நிக்கிறாரு. குளிரும்ல?” என்பாள்.

அவர் துறந்ததை வருஷாவருஷம் உடுத்திவிட்டோம்.

இன்று இடுப்பில் ஒன்றுமில்லை. என் கை தானாகத் துப்பட்டாவை உருவியது. நடுவில் கண்ணாடி இருந்தது.