பெயர் இல்லாத பெரிய வட்டம்

செல்லமுத்துவின் வலது கையை, அவரைக் கவனிக்கும் வேலைக்கு வரும் தைலம்மாள் வெந்நீர்க் கிண்ணத்தில் பத்து நிமிடம் ஊறப்போட்டிருந்தாள். பக்கவாதத்தில் மூடிப்போன கை. கட்டைவிரலை முதலில் விலக்கினால்தான் மற்ற விரல்கள் திறக்கும்; நடுவிரலைப் பிடித்து இழுப்பவர்களுக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். விலக்கி, துடைத்து, ஒவ்வொரு நகமாக வெட்டிக்கொண்டிருந்தாள். எண்பத்து நான்கு வயது நகம். தேங்காய் ஓடு மாதிரி தெறித்தது.

கள்ளக்குறிச்சியில் அது பேர்பெற்ற கை. அரிசி ஆலை முதலாளியான செல்லமுத்து, திருமகள் கலையரங்கத்தின் நிரந்தரத் தலைவர். அந்தக் கை போர்த்திய பொன்னாடைகளை எல்லாம் விரித்தால் தியாகதுருகம் மலையை மூடிவிடலாம். அந்த அரங்கத்தில் அது தொடாத ஒரே பொருள் வாத்தியம்.

அரங்கத்துக்கு ஐம்பது வயது. ஞாயிற்றுக்கிழமை பொன்விழா. அதற்காகத்தான் வியாழக்கிழமையன்று கல்லூரி விரிவுரையாளர் இளஞ்செழியன் ஒரு மடிக்கணினியோடு வந்து, கூடத்தில் இருந்த பெரிய டிவியில் அதைச் செருகிக்கொண்டிருந்தார். செல்லமுத்துவின் மருமகள் அம்சவள்ளி எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பெரியவரின் கட்டில் கூடத்து மூலையிலேயே கிடந்ததால், தைலம்மாளும் நகம் வெட்டியபடி பார்க்க முடிந்தது.

"மேடம், அரங்கத்து டிரங்குப் பொட்டியில இருந்த நோட்டீஸ் எல்லாத்தயும் ஏத்தியாச்சு," என்றார் இளஞ்செழியன். "எண்பத்தொண்ணுக்கு முன்னாடி உள்ளத கரையான் தின்னுட்சி. ரெண்டாயிரத்துப் பதினொண்ணுக்கு அப்புறம் எல்லாம் வாட்ஸப். நடுவுல அறுநூத்தி நாப்பத்தி மூணு நிகழ்ச்சி."

"வெறும் போட்டோவா?"

"இல்ல மேடம். பாடினவங்க, ஆடினவங்க, தலைமை தாங்கினவங்க, ஒவ்வொருத்தருக்கும் தனிப் பதிவு. ஒண்ண ஒண்ணோட கோத்து விட்டிருக்கேன். ஒரு பேரைத் தொட்டா அவரு வந்த நாள் எல்லாம் வரும். நாளத் தொட்டா கூட இருந்தவங்க எல்லாம் வருவாங்க. இணையத்துல தெறந்தே கெடக்கும். யார் வேணா பாக்கலாம், சான்றோட சேக்கலாம், திருத்தலாம்."

"மாமா எத்தன வாட்டி வந்திருக்காரு? அத மொதல்ல காட்டுங்க."

அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். டிவி முழுக்க வட்டங்கள் பூத்தன. அதிகம் வந்தவருக்குப் பெரிய வட்டம். ஒரு தடவை வந்து போன வித்துவான்கள் கடுகு மாதிரி ஓரத்தில் சிதறிக் கிடந்தார்கள். நடுவில் செல்லமுத்து, இட்லிக் கொப்பரை அளவுக்கு மஞ்சளாக உட்கார்ந்திருந்தார். ஐந்நூற்றுப் பதினொன்று. கலையரங்கத்தின் வரலாறு, பாடத் தெரியாத ஒருவரைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருந்தது என்பதைக் கணினி ஒளிவு மறைவில்லாமல் காட்டியது. அம்சவள்ளிக்கு அது பெருமையாகவே பட்டது.

ஆனால் அவருக்குப் பின்னால், அவரை விழுங்குவது போல, இன்னொரு வட்டம். சாம்பல் நிறம். பெயர் இல்லை. அறுநூற்று நாற்பத்து மூன்று.

"இன்னா இது?" என்றாள் அம்சவள்ளி. "மாமாவ விடப் பெரிசா யாரு?"

இளஞ்செழியன் அவசரமாக மடிக்கணினியின் மேல் குனிந்தார். "அது தப்பு மேடம். எல்லா நோட்டீஸ்லயும் மொத வரி 'இறைவணக்கம்'. ஆனா பாடினவங்க பேரு எதுலயும் போடல. பேரு இல்லாத அத்தன பேரயும் கம்ப்யூட்டர் ஒரே ஆளுன்னு சேத்துடுச்சு. அப்படி இருக்க முடியாதுல்ல? பிரிச்சு விட்டுடறேன்."

மோதிர விரல் நகத்தில் தைலம்மாளின் கை நின்றது. படித்தவர் தப்பு என்கிறார். இயந்திரம் தெரியாத்தனமாகச் சரியாகச் சொல்லியிருக்கிறது. அந்த அறுநூற்றுச் சொச்சமும் ஒரே ஆள்தான். அந்த ஆள் இப்போது நகவெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

பதினெட்டு வயதில் அரங்கம் பெருக்க வந்தவள் அவள். ஒரு நாள் பாடவேண்டிய பள்ளிக்கூடப் பெண்கள் வரவில்லை. மைக்கையும் சோதிக்கவேண்டும், சிறப்பு விருந்தினரும் வந்தபாடில்லை. பெருக்கும்போது அவள் பாடுவதைக் கேட்டிருந்த செல்லமுத்து, "ஏய், நீயே பாடு. உள்ள இருந்தே பாடு," என்றார். மேடைக்கு வா என்று சொல்லவில்லை. ஏன் என்று அவள் கேட்கவும் இல்லை. அவள் தெருவில் பிறந்தவர்களுக்கு அது கேட்காமலே தெரியும். மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால், துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பாடினாள். முப்பது வருடம் அப்படியே போயிற்று. சபையில் இருந்தவர்கள் நல்ல டேப் என்று பாராட்டினார்கள். வெள்ளிமலையிலிருந்து ஒரு கூத்துக் குழு வரவேண்டிய நாளில், மலைப்பாதையில் பஸ் நின்றுபோய், ஒன்றரை மணி நேரம் அவளே பாடிச் சமாளித்தாள். அன்று மட்டும் டேப் ரொம்ப நீளம் என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். பிறகு அரங்கத்தில் சிடி வாங்கினார்கள். அவள் ஆறு மாதம் நோயாளி பராமரிப்புப் பயிற்சிக்குப் போய்விட்டாள்.

"பிரிக்க வேணாம்," என்றாள் அம்சவள்ளி. "அதுல எம்பேரப் போடுங்க. நாந்தான பாடுவேன்."

"எல்லாத்துலயுமா மேடம்?"

"ஆல்பத்துல போட்டோ இருக்குது. மைக்கு முன்னாடி நிக்கிறேன், பாருங்க."

ஒரு புகைப்படத்துக்கு அறுநூற்று நாற்பத்து மூன்று பாட்டு. சான்று, சான்று என்று இவ்வளவு நேரம் பேசியவர், அந்த ஆல்பத்தைப் பணிவோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருடைய கல்லூரியின் ஆட்சிக்குழுவில் இந்த வீட்டுக்காரர்கள் இருந்தார்கள்.

அவர் போனதும் தைலம்மாள் கிண்ணத்து நீரைக் கொட்டிவிட்டு வந்தாள். "அம்மா, நீங்க பாடினது ரெண்டு வாட்டிங்க. கல்யாணமான வருசம் ஒண்ணு, புது மைக்கு வந்தப்போ ஒண்ணு."

அம்சவள்ளி டிவியை அணைத்தாள். "உனுக்கு இன்னா அதுல? பேரு ஏறினா இன்னா, ஏறாட்டி இன்னா? வாய மூடிக்கினு இருந்தா வேல இருக்கும், தைலம்மா."

பாடும்போது பெயர் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இல்லாத பெயரை இன்னொருத்தி எடுத்துப் போட்டுக்கொள்வதைப் பார்த்தபோதுதான் தோன்றியது. அறுபத்தொரு வயதில் இப்படி ஒரு ஆசை வருவது வேண்டாத வேலை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே மறுநாள் மதியம் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறினாள்.

டோல்கேட்டுக்கு அப்பால் மைக்செட் ராசுவின் கடை. அரங்கத்துக்கு எல்லா வருடமும் ஒலிபெருக்கி கட்டியவர். மைக்கைத் திறந்த கையோடு கேசட்டையும் ஓடவிட்டு, பாட வந்தவர்களுக்கே விற்றுப் பிழைத்த கெட்டிக்காரர். விற்காத கேசட்டுகள் ஒரு சாக்கில் இருந்தன.

"இன்னா தைலம்மா, பாட்டுக்காரி ஆவப் போறியா இப்ப?"

"ஆயி முடிஞ்சி போச்சுண்ணே. சான்று கேக்கறாங்க."

"எலி தின்னது போவ முப்பத்தொண்ணு தேறும். எட்த்துக்கினு போ. எல்லாத்துலயும் மொதல்ல எங்கொரலு, அப்புறம் ஒங்கொரலு. தலைவரு கொரலு வர்றதுக்குள்ள டேப்பு பாதி ஓடிப்பூடும்."

சனிக்கிழமை காலை இளஞ்செழியன் இறுதி ஒப்புதலுக்கு வந்தார். சாம்பல் வட்டம் இப்போது ரோஜா நிறத்தில், அம்சவள்ளியின் பெயரோடு ஜொலித்தது. தைலம்மாள் பெரியவருக்குச் சாமைக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்து, கைகழுவி வந்தாள். பிறகு அலமாரியில் தூசு படிந்திருந்த பழைய டேப்ரிக்கார்டரை எடுத்துவைத்து, ஒரு கேசட்டைப் போட்டாள். யாருக்கும் தடுக்கத் தோன்றுவதற்குள் அது பேசத் தொடங்கியது.

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்டிங். தைலம்மா, தலைவரு இன்னும் வூட்ட வுட்டே கெளம்பலியாம். பாட்ட நல்லா இழுத்துப் பாடு."

துடைப்பத்தைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு பாட்டு. இளம் குரல். எங்கும் தடுக்கவில்லை.

கட்டிலில் செல்லமுத்து அசைந்தார். பேச்சு போய் எட்டு மாதம் ஆகிறது. டாக்டரைப் பார்த்தாலும் மகனைப் பார்த்தாலும் ஒரே முகம்தான். இப்போது இரண்டாம் அடி வந்ததும் இடது கை மேலே எழுந்தது. வராத வலது கையின் இடத்தைத் தேடி, நெஞ்சுக்கு நேரே ஒற்றைக் கையாக நின்று, இல்லாத கூட்டத்தை இடமிருந்து வலமாக வணங்கியது. முப்பது வருடமும் அந்த அடியில்தான் அவர் அரங்கத்துக்குள் நுழைவார். பாட்டு நடக்கும்போது வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள் என்பது அவர் கண்டுபிடித்த வித்தை. உடம்புக்கு அது மறக்கவில்லை.

"இதே மாதிரி முப்பது இருக்குங்க சார்," என்றாள் தைலம்மாள். "எல்லாத்தயும் எனுக்குப் போட வேணாம். அம்மாவோடது ரெண்டு. எம்புள்ளைங்க பொறந்தப்ப பதினாறு நாளு நான் போவல, அது யாருன்னு எனுக்குத் தெரியாது. மீதி அறுநூத்தி இருவத்தஞ்சி என்து. டேப்புல இல்லாததுக்கு நான் சொன்னேன்னு எழுதிக்கோங்க, ராசண்ணன் சொன்னாருன்னும் எழுதிக்கோங்க."

இளஞ்செழியன் கேசட்டைப் பார்த்தார், ஆல்பத்தைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார். "யோசிக்கணும்," என்றார். படித்தவர்கள் பயப்படும்போது அப்படித்தான் சொல்வார்கள்.

அவர் வாசலைத் தாண்டியதும் அம்சவள்ளி எழுந்தாள். "நாளைக்கு வராத. இனிமே வராத."

"சரிங்கம்மா. ரெண்டு மணிக்கு அவர எடப்பக்கமா திருப்பிப் படுக்க வைங்க. இல்லேன்னா முதுகு புண்ணாப் பூடும்." பையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகத் தியாகதுருகம் பஸ்ஸைப் பிடித்தாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தைலம்மா, எங்க இருக்க?" அம்சவள்ளியின் குரலில் பட்டுச்சேலை கட்டும் அவசரம் தெரிந்தது. "மாமா யாரையும் கிட்ட சேக்க மாட்டேங்கிறாரு. படுக்கை நனைஞ்சி கெடக்குது. புது நர்சக் கடிச்சிட்டாரு. பத்து மணிக்கு விழா."

"நான் வேலய வுட்டு நின்னவங்கம்மா."

"ஜாஸ்தி பேசாத. ஆட்டோ புடிச்சி வா."

"பேரு ஏறிச்சாங்க?"

பின்னால் ஏதோ பாத்திரம் விழும் சத்தமும், பெரியவர் உறுமுவதும் கேட்டன.

"கீர உருவிக்கினு இருக்கேம்மா. ஏறினதும் கூப்புடுங்க."

மேடமே ஏற்றச் சொல்லிவிட்டதாக, எட்டே காலுக்கு இளஞ்செழியனே அழைத்தார். பெரிய பாரம் ஒன்றை இறக்கிவைத்தவரின் குரல். போனில் அவர் அனுப்பிய பக்கத்தைத் தைலம்மாள் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். பெரிய வட்டத்தில் அவள் பெயர். தொட்டாள். அறுநூற்று இருபத்தைந்து நாட்களும் வரிசையாக விரிந்தன. சான்று: ஒலிநாடா முப்பத்தொன்று, மற்றவை வாய்மொழி. அம்சவள்ளிக்கு இரண்டு, கடுகு அளவு. பதினாறு மட்டும் பெயரில்லாமல் தனித்தனியாக நின்றன. கணக்குச் சரி. கீரையை ஈரத்துணியில் சுற்றிவைத்துவிட்டு, ஆட்டோ பிடித்தாள்.

ஒன்பதரைக்குள் படுக்கை மாற்றி, உடம்பு துடைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டு, முடங்கிய கையை முதலில் நுழைத்துப் பட்டுச் சட்டை மாட்டி, பெரியவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள். மேசையில் பொன்விழா அழைப்பிதழ் கிடந்தது. இறைவணக்கத்துக்கு எதிரே இந்த முறை ஒரு பெயர் அச்சாகியிருந்தது: திருமதி அம்சவள்ளி. அம்சவள்ளி அறைக்குள் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சிறப்பு விருந்தினர் இன்னும் விழுப்புரத்தைத் தாண்டவில்லை என்று செய்தி வந்திருந்தது. குறைந்தது நாலு பாட்டாவது தேவைப்படும்.

தைலம்மாள் இளஞ்செழியனைப் போனில் அழைத்தாள்.

"சார், இன்னிக்குப் பாடி முடிச்சாங்கன்னா அம்மாவோட கணக்கு மூணு. மறக்காம ஏத்திடுங்க."

பிறகு நாற்காலியின் பிரேக்கை விடுவித்து, பெரியவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.