பெஸ்கடேரோ ஏற்றத்தில் சைக்கிள் பந்தயம்: சாப்பாட்டுப் பை கொடுக்கப் போனேன்

இந்த மே மாதம் கலிபோர்னியாவுக்குப் போய் வந்தேன். கடலோர நெடுஞ்சாலையில் நடக்கும் சைக்கிள் பந்தயத்தை வழியில் நின்று பார்க்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. என் வீட்டுக்காரர் சேவியர், சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டும் ஒரு சின்ன அணியில் வேலை பார்த்தார். வேன் ஓட்டுவார், பையன்களுக்குச் சோறு கட்டுவார், பந்தயத்தின் நடுவில் வழியோரம் நின்று சாப்பாட்டுப் பையை நீட்டுவார். ஜனவரியில் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒவ்வொரு வருஷமும், "ஒரு தடவ வந்துதான் பாரேன், ரோஸ்லின்" என்பார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் எனக்கு வேலை, லீவு தர மாட்டார்கள் என்பேன். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள்.

அணியை நடத்தும் டேனா ஏப்ரலில் போன் பண்ணினாள். சேவியர் செய்த அரிசித் துண்டை வேறு யார் செய்தாலும் பையன்கள் பாதியில் வைத்துவிடுகிறார்களாம், எப்படிச் செய்வது என்று கேட்டாள். நானே வந்து செய்கிறேன், பையையும் நானே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நின்ற இடத்தில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்று இருந்தது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டிலிருந்து பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையம் பத்து நிமிஷம். அங்கிருந்து நூவர்க் விமான நிலையத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல். டிக்கெட் போக வர முந்நூற்றுத் தொண்ணூறு டாலர். மகள் ஏஞ்சல் ஃப்ரீமான்டில் இருப்பதால் ஓட்டல் செலவு இல்லை.

பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் அவள் அடுப்படியில் சமைத்தேன். அரிசியைக் குழைய வேகவைத்து, தேங்காய், வெல்லம், உப்பு சேர்த்து, தட்டில் அமுக்கித் துண்டு போட்டு, அலுமினியத் தாளில் மடிக்க வேண்டும். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் பிரிக்கிற மாதிரி மடிக்க வேண்டும். அவர் செய்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். "உப்பு சரியா இருக்கா, பாரு" என்று ஒரு துண்டை நீட்டுவார். "நான் என்ன சைக்கிளா ஓட்டப் போறேன்?" என்று வாங்க மாட்டேன். அதனால் இப்போது உப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. கைக்கு வந்ததைப் போட்டேன்.

"டேஸ்ட் பண்ணிப் பாரும்மா."

"வேண்டாம்டி. அவங்களுக்குக் கட்டுறது."

ஃப்ரீமான்டிலிருந்து பெஸ்கடேரோ நாற்பத்தைந்து மைல் இருக்கும். சான் மத்தேயோ பாலத்தில் டோல் உண்டு. சாலையை மூடிவிடுவார்கள் என்பதால் ஆறரைக்கே கிளம்பினோம். ஹாஃப் மூன் பே தாண்டினால் போனில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். கடற்கரையில் கார் நிறுத்தப் பத்து டாலர். மே மாதம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள், காற்று எலும்பு வரை போகிறது.

டேனா சொல்லிக் கொடுத்தாள். ஒரு கையை நேராக நீட்ட வேண்டும், பையின் வார் விரலில் சும்மா தொங்க வேண்டும், ஓட்டி வருகிறவன் அதில் கையை நுழைத்ததும் விட்டுவிட வேண்டும். ஏஞ்சல் என் முன்னால் ஓடி ஓடிப் பையைப் பறித்துப் பழக்கினாள்.

"என்னடி இவ்வளவு மெதுவா வர்ற? அவங்க பறந்துல்ல வருவாங்க."

"என் மேக்ஸ் ஸ்பீடே இதுதான். அப்பாகிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணு."

இரண்டு பேரும் சிரித்தோம்.

எனக்கு ஒரே ஒரு பைதான், லூக்குடையது. சேவியர் செய்ததை ஆசையாகச் சாப்பிடுகிற பையன் அவன். மற்றவர்களுக்கு டேனா கொடுத்தாள். பதினொன்றேகாலுக்கு முதலில் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் போயின. பின்னாலேயே மொத்தக் கூட்டமும் ஏற்றத்தில் வந்தது. ஏற்றம் என்பதால் மெதுவாக வருவார்கள் என்று சொன்னார்கள். அது மெதுவா என்று போய்ப் பார்த்தால் தெரியும். லூக் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நான் கையை நீட்டினேன்.

சாப்பாட்டை ஒரு கையால் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. இடது கை தானாக வந்து பையைத் தாங்கிக்கொண்டது. வார் இறுகிவிட்டது. லூக்கின் கை மாட்டியது, சைக்கிள் ஆடியது, அவன் உதறிவிட்டு நிமிர்ந்தான். பை தார் ரோட்டில் விழுந்தது. அவன் வெறுங்கையோடு போய்விட்டான்.

"மா, அழாத. அங்க பாரு."

மேலே வளைவுக்கு முன்னால், இன்னொரு பையன் தன் பையிலிருந்து வெள்ளித் தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து லூக்கிடம் நீட்டினான். அதுவும் நான் கட்டியதுதான். லூக் பல்லால் தாளைக் கிழித்தான். வளைவில் திரும்பிப் போய்விட்டார்கள்.

"அணி என்றால் அப்படித்தான், வருத்தப்படாதீர்கள்" என்று டேனா சொன்னாள். எனக்கு வருத்தம்தான். சேவியர் பக்கத்தில் நின்றிருந்தால் இடது கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

போக நினைப்பவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். பை கொடுக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே நில்லுங்கள். காலியான பையையும் தண்ணீர் பாட்டிலையும் அங்கேதான் வீசுவார்கள், ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் யாராவது அழைத்தால், அந்த வருஷமே போய்விடுங்கள்.

கீழே விழுந்த பையைக் காரில் வைத்துப் பிரித்தேன். ஒரு துண்டை ஏஞ்சலுக்குக் கொடுத்து, இன்னொன்றை நான் கடித்தேன். இதை நான் தின்றது அதுதான் முதல் தடவை.

உப்பு ஒரு கல் குறைவு.