வாலில் கட்டிய எலுமிச்சம்பழம்

விளக்கெண்ணெய் எரியும் வாசனை எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. வயிற்றைச் சுத்தம் செய்ய எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை கொடுத்த அதே எண்ணெயை ஒருவகை ஸ்பிரிட்டோடு கலந்து, கைப்பிடிக்குள் அடங்கும் என்ஜினில் ஊற்றி, ரேடியோவால் ஓட்டும் விமானத்தை நான் பறக்கவிடப் பழகியது பதினான்காம் வயதில்.

தி.நகரில் எங்களுக்குப் பாத்திரக் கடை. கடைக்கு மேலே வீடு. அக்காவைக் கட்டிய அத்தான் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அந்த வருடம் விடுப்பில் வந்தபோது, தக்கை மரத்தில் செய்த, இறக்கை ஐந்தடி நீளமுள்ள ஒரு விமானத்தையும், அதை ஓட்டுவதற்கு இரண்டு குச்சிகள் வைத்த ரேடியோப் பெட்டியையும் கொண்டுவந்தார். மழை தள்ளிப்போனதால் வேளச்சேரி ஏரி வறண்டு கிடந்தது. வாடகைக் காரில் மூன்று முறை அங்கே போனோம். மூன்று முறையும் மேலே ஓட்டியது நான். கீழே இறக்கும் நேரத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டது அவர்.

ஊருக்குத் திரும்ப நான்கு நாள் இருக்கும்போது அத்தான் சொன்னார்: "மச்சான், நீயே எறக்கிட்டா பெட்டியும் பிளேனும் ஒனக்கு. நடுவுல நான் கை வைக்கிற மாதிரி ஆச்சுன்னா, ரெண்டும் என்கூட வந்துரும்." அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. தொடங்குவதற்கு நல்ல நாள் என்று விஜயதசமியை வைத்தோம்.

அதற்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. கடைத் தராசு, எடைக்கற்கள், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த அம்மா, விமானத்தையும் வாங்கி அவற்றின் நடுவே வைத்துவிட்டாள். புதிய வண்டிக்குத் "திஷ்டி" கழிக்க முன்பக்கம் பழம் கட்டுவதுதான் வழக்கம். ஆனால் முன்பக்கம் விசிறி சுற்றும், கயிறு அறுந்துபோகும் என்று யோசித்து, ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தையும் ஏழு பச்சை மிளகாயையும் கோத்து வாலில் இறுக்கிக் கட்டினாள். பூஜையில் கட்டியதை அது தானாக வாடி உதிரும்வரை யாரும் அவிழ்க்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

இந்த விமானங்களில் எடை ஓர் இடத்தில் சரியாக நிற்க வேண்டும். வால் கனத்தால் மூக்குத் தூக்கும். அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கையில் காற்று நில்லாமல் கல்லைப்போல விழும். இது எனக்குத் தெரியும். அத்தானுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மறுநாள் ஏரியில் அவர் விமானத்தை இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். வால் தொங்கியது. அம்மாவும் அப்பாவும் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் தன் கையால் கட்டியதை மருமகன் எப்படி அவிழ்ப்பார்? "மூக்கு எந்திரிக்காம குச்சிய முன்னாடி தள்ளிக்கிட்டே இரு" என்று மட்டும் என் காதில் சொன்னார்.

என்ஜின் அலறியது. அதை நடுவில் நிறுத்த வழி கிடையாது, எண்ணெய் தீர்ந்தால்தான் நிற்கும். ஏறத்தாழ நான்கு நிமிடம். நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். தரையை விட்டதுமே விமானம் வானத்தைப் பார்த்து எழுந்து நின்றது. தொங்கியது, சரிந்தது, பிடித்துக்கொண்டது, மறுபடியும் எழுந்தது. கட்டைவிரல் வலிக்க வலிக்கக் குச்சியை முன்னே தள்ளினேன்.

காரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த டிரைவர், "இன்னா நைனா, வாலு கீய தொங்கிக்கினு போவுது. குடிச்சிட்டு ஓட்ற மாரி கீது" என்றார். எங்களில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இருநூற்று முப்பது வரை எண்ணியபோது அது எங்களை நோக்கித் திரும்பியது. நம்மை நோக்கி வரும் விமானத்தின் வலது நமக்கு இடது. பயத்தில் அதை மறந்து, அம்மா அப்பா நின்ற பக்கத்திலிருந்து விலக்குவதாக நினைத்துக் குச்சியைத் தள்ளினேன். நேராக அவர்கள் பக்கமே சாய்ந்தது. "ஏலே, ஏலே" என்றார் அப்பா. அம்மா அசையவே இல்லை. அத்தானின் கை பெட்டிக்கு மேலே வந்துவிட்டது.

"வேண்டாம் அத்தான்" என்றேன். குச்சியை எதிர்ப்பக்கம் தள்ளினேன். அவர்கள் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் கடந்தது. அந்த நொடியில் எண்ணெய் தீர்ந்து, சத்தம் நின்றது.

இனி இழுக்க என்ஜின் இல்லை. மூக்குத் தூக்க விட்டால் முடிந்தது கதை. தரையைக் குத்தப் போகிறது என்று பார்ப்பவர்கள் பதறும் அளவுக்கு மூக்கைக் கீழேயே அழுத்திப் பிடித்தேன். அத்தானின் விரல்கள் என் விரல்களுக்கு மேலே, தொடாமல் நின்றன. கடைசி இரண்டடியில்தான் குச்சியை விட்டேன். விமானம் குதித்தது, சக்கரக் கம்பி வளைந்தது, விசிறி பிளந்தது; உடல் முழுசாக நின்றது.

அத்தான் குனிந்து நெடுநேரம் சக்கரத்தையே பார்த்தார். இதை இறக்கியது என்று சொல்வாரா, விழுந்தது என்று சொல்வாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அம்மா வந்துவிட்டாள். "பாத்தீங்களா மாப்ள, பழம் அப்படியே இருக்கு. இது மட்டும் கட்டலேன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

"ஆமா அத்தை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பெட்டி இங்கயே இருக்கட்டும் மச்சான். மூக்குல மட்டும் கொஞ்சம் கனம் சேத்துக்கோ" என்றார்.

அதன் பிறகு ஆறு வருடம் பறக்கவிட்டேன். ஒவ்வொரு முறையும் அம்மா வாலில் பழம் கட்டினாள்; ஒவ்வொரு முறையும் கடையிலிருந்து அதற்கு ஈடாக ஈயத்துண்டு எடுத்து மூக்கில் வைத்தேன். தேவைக்கு மேல் கனத்துடன், ஆனாலும் நேராகத்தான் அது பறந்தது.

இன்று அந்த ஏரியில் பாதிக்குமேல் அடுக்குமாடிகள். அவற்றில் ஒன்றின் ஐந்தாவது மாடியில்தான் மகனோடு இருக்கிறேன். மழை வலுத்தால் கீழே நிற்கும் கார்கள் மூழ்குமே என்று இரவெல்லாம் தூங்குவதில்லை. ஒரு பொம்மை விமானம் வட்டமடிக்க வேண்டிய அகலத்துக்கு இங்கே வானம் இல்லை. அன்றைக்கு அங்கே நின்ற எங்கள் வீட்டு நால்வரில் மூவர் இல்லை. பழத்தால்தான் அது விழப் பார்த்தது என்று இப்போது உரக்கவே சொல்லலாம். கோபித்துக்கொள்ள யாரும் இல்லை. சொல்ல மனம் வரவில்லை.