தாயைத் தனியே கேட்க வேண்டிய பத்துக் கேள்வி

பிள்ளை பெற்ற தாய்மாரின் மனநிலையை ஆராயப் புறப்பட்டால் முதலில் கெட்டுப்போவது நம் சொந்த மனநிலைதான். படிவமும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கும் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. என் கையில் இருப்பது பத்தே பத்துக் கேள்வி. சட்டம் ஒன்றுதான்: தாய் தனியாக இருந்து பதில் சொல்ல வேண்டும். கல்முனைப் பக்கத்தில் நாற்பது நாள் கழியாத தாயைத் தனியாகப் பிடிப்பது நடக்கிற காரியமா?

சாய்ந்தமருதில் சிபானா என்றொரு தாய். தலைப்பிள்ளை, இருபத்தைந்தாம் நாள். பிள்ளை மடியில், கண் சுவரில். பார்த்ததுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவரிடம் எப்படியும் கேட்டே ஆக வேண்டும்.

உம்மாவின் பதில்கள்

"கடைசி ஏழு நாளில் உங்களால் சிரிக்க முடிந்ததா?" என்று சிபானாவைக் கேட்டேன். அவர் வாய் திறக்குமுன் பக்கத்தில் இருந்த அவருடைய உம்மா, "சிரிப்பாளே, நல்லாச் சிரிப்பாள்!" என்றார். பத்துக் கேள்விக்கும் பதில் அங்கிருந்துதான் வந்தது. நடுவில் எனக்கு பிள்ளை பெற்றவருக்கு மருந்தாகக் காய்ச்சும் சரக்குத் தண்ணீர் ஒரு கோப்பை வந்தது. பிள்ளை பெறாத நானும் மறுக்காமல் குடித்தேன். காரணமில்லாத கவலை உண்டா என்றதும் உம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"கவலப்படுறத்துக்கு நான் ஒருத்தி இரிக்கக்குள்ள அவளுக்கு என்னத்துக்கு மிஸ் கவல?"

திரைக்குக் கீழே

அடுத்த வாரம், தாய் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். எல்லாரும் மரியாதையாக வெளியே போனார்கள். "நித்திரை வருகிறதா?" என்று சிபானாவைக் கேட்டேன். "வருது மிஸ், வருது!" என்றது வாசல் திரைச்சீலை. குனிந்து பார்த்தேன். திரைக்குக் கீழே ஆறு கால்கள். விலக்கினால் உம்மா, சின்னம்மா முறையான சாச்சி, அக்கா முறையான பக்கத்து வீட்டு ராத்தா. சாச்சிக்குத்தான் ரோசம் வந்தது.

"நாங்க உள்ளுக்கு இல்லயே மிஸ், திரைக்கு அங்காலதானே நிக்கம்!"

முழுப் புள்ளி

மூன்றாம் தடவை, சரி, தனியாக இருக்கும்போது நிரப்பட்டும் என்று படிவத்தைச் சிபானாவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவருடைய கணவர் ஆட்டோவில் தேடி வந்து அதை நீட்டினார். எல்லாக் கேள்விக்கும் ஆகக் கூடிய புள்ளி. நிரப்பியது கணவர்தான்! புள்ளி கூடக் கூட மனநிலை மோசம் என்று விளக்கினேன்.

"அல்லாஹ்வே! அவள் பெயிலாகிரக் கூடாதே எண்டுதான் மிஸ் கூடப் போட்ட!"

பெரியவர்களுக்கும் படிவம்

நாலாவது தடவை மூன்று படிவம் கூடுதலாகக் கொண்டுபோனேன். "உங்கள் மனநிலையும் முக்கியம்" என்று உம்மாவுக்கும் சாச்சிக்கும் ராத்தாவுக்கும் ஆளுக்கொன்று கொடுத்து முன் விறாந்தையில் இருத்தினேன். யாருக்குக் கவலை கூட என்று அங்கே போட்டியே தொடங்கிவிட்டது. உள்ளே நானும் சிபானாவும் பிள்ளையும் மட்டும். முதல் கேள்வியிலேயே அவர் அழுதுவிட்டார். "எல்லாரும் சந்தோசமா இரிக்காங்க மிஸ். எனக்குப் புள்ளய தூக்கினா பயம் மட்டுந்தான் வருது. இத ஆருக்கிட்டச் சொல்ற?" எனக்கும் கண் கலங்கியது. இது பல தாய்மாருக்கு வருவதுதான், டொக்டரிடம் காட்டினால் சுகமாகும் என்றேன். "நீங்களே உம்மாட்டச் சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்து உம்மாவின் படிவத்தைக் கூட்டிப் பார்த்தால் மகளை எட்டிப் பிடிக்கிற புள்ளி. நித்திரை இல்லை, சிரிப்பு இல்லை, கவலை எந்நேரமும். இருவரும் கிளினிக்குக்கு வர வேண்டும் என்றேன். உம்மா வாசலில் நின்ற மருமகனிடம் ஆட்டோவைத் திருப்பச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு நம்பர் எடுங்க மிஸ், ஆனா எண்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லப்படாது!"

மனதை ஆராய நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன் என்பது உண்மைதான், ஆனால் கேள்வி கேட்குமுன் திரைக்குக் கீழே கால்களை எண்ண வேண்டும் என்று படித்தது சாய்ந்தமருதில்.