ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி

வாசல் கேட்டின் கொண்டியை யாரோ தூக்கி மறுபடி போட்டார்கள். டணார் என்று ஒரு சத்தம், அதன் வாலில் இரும்பின் சின்ன நடுக்கம். அவ்வளவுதான். தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். என்னைக் கேட்காமல் என் கண் பின்கதவைத் தேடிப் போயிற்று. இப்போது நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்கதவே கிடையாது. ஊருக்கு வெளியே, வயலை மேடாக்கி எழுப்பிய வளாகம் இது. வருகிறவர் போகிறவர் எல்லாம் நுழைவாயிலில் போனில் பதிந்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வந்தது தண்ணீர் கேன் போடுகிறவர். அது காதுக்குத் தெரியவில்லை. காது அதற்குள் ஒன்பது வயதுக்கு ஓடிவிட்டிருந்தது.

வாடகை வீட்டில் பிறந்து, வாடகை வீட்டில் வளர்ந்து, வாடகை வீட்டில் நரைக்கத் தொடங்கியவள் நான். ஓரிடத்தில் கால் தரிக்காது எனக்கு. ஊர் மாறும், தெரு மாறும், ஜன்னலில் தெரியும் வானம்கூட மாறும். சத்தங்கள் மட்டும் மூட்டை முடிச்சோடு கூடவே வந்துவிடுகின்றன.

எனக்கு ஒன்பது வயதில் நாங்கள் இருந்த வீடு, சாரம் என்ற பகுதிக்கும் மேற்கே, அப்போது புதிதாகப் போட்ட நகரில் இருந்தது. அளவுகோலை வைத்துக் கோடு கிழித்த நகர். ஆறு குறுக்குத் தெரு, நடுவில் ஒரு பூங்கா, பூங்காவின் தலைமாட்டில் தண்ணீர்த் தொட்டி. எல்லா வீட்டுக்கும் ஒரே முகம். முதல் வாரம் பள்ளி விட்டு வந்து வேறொருவர் வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்றி, "அம்மா, பசிக்குது" என்று நான் கத்தியிருக்கிறேன். அந்த அம்மாளும் பிஸ்கட் கொடுத்துத்தான் அனுப்பினாள். பூங்காச் சறுக்குமரத்தில் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி பேர் அல்ல. "நீங்க சொந்தமா, வாடகையா?"

அதற்கு முன் டவுனில் ஒற்றை அறையில் இருந்தோம். இங்கே இரண்டு அறை, எங்களுக்கே எங்களுக்கென்று குளியலறை, சமையல்கட்டில் வெயில். அம்மா அந்த வெயிலில் கை நீட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்காரம்மாவை எல்லோரும் மதாம் என்றுதான் சொல்வார்கள். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து காலமானவர். மகன் பிரான்சில். மதாம் டவுனில் மாதா கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். வீடு பார்க்கப் போன அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தினி பேரு?"

"நாலு பேருங்க மதாம்" என்றார் அப்பா.

"நாலுதானே? தண்ணி பத்தலைன்னு வாடகை வீட்டுக்கு நாலு பேருக்கு மேல கூடாதுன்னு நகர் சங்கத்துல சட்டம் போட்டிருக்காங்க. மீறினா காலி பண்ணச் சொல்லிடுவாங்க. அப்புறம் என்னை நொந்துக்கக் கூடாது."

அன்றைக்கு அது பொய்யில்லை. மூன்றாம் மாதம், ஆலையில் வேலை நின்றுபோய், தகரப் பெட்டியோடு மாமா வந்து வாசலில் நிற்கும்வரை அது பொய்யில்லை.

அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் இல்லாமல் அம்மா கையால் சோறு தின்று வளர்ந்தவர். அவருக்குப் போக்கிடம் வேறு இல்லை. "நாலு நாள்தான்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அந்த நாலு நாள் இரண்டு வருஷத்துக்கும் மேல் நீண்டது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறையில் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றும் வேலை மாமாவுக்குக் கிடைத்தது. விடிவதற்கு முன் போவார், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிய பின் மீன் வாசனையோடு வந்து விழுந்து தூங்குவார். ஐந்தாவது ஆள் என்று தெரிந்தால் ஒன்று அவர் போக வேண்டும், இல்லை எல்லோருமே போக வேண்டும். இது எனக்கும் தெரிந்திருந்தது.

மதாம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, ரிக்‌ஷாவில் வருவார். மாமா அதற்கு ஒரு ஏற்பாடு செய்தார். முந்தின நாளே ஒத்திகை நடக்கும்.

"நான் யாரு?"

"மாமா" என்பான் நான்கு வயதுத் தம்பி.

"எங்கேர்ந்து வர்றேன்?"

"பாகூர்லேர்ந்து."

"எப்ப போவேன்?"

"போவ மாட்டே."

"அடேய், சாயங்காலம் போயிடுவேன்டா! அக்கா, நாளைக்கு இவன் வாயில பிஸ்கட்ட வெச்சி அடைச்சிடு."

கொண்டிச் சத்தம் கேட்டதும் மாமா செருப்பைக் கையில் எடுப்பார். அலமாரி மேலிருந்த மிக்சர் பொட்டலத்தை மடியில் செருகுவார். பின்சுவர் ஏறிக் குதித்து, சந்தில் ஓடி, பூங்காவைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக விருந்தாளியாக வருவார். "அக்கா! எப்படி இருக்கே?" அம்மாவும் முந்தானையில் கை துடைத்தபடி, "வாடா, எப்ப வந்தே? பஸ்ல கூட்டமா?" என்பாள். அப்பாவுக்கு மட்டும் பொய் வராது. அதனால் மதாம் வரும் ஞாயிறெல்லாம் அப்பா குளிக்கப் போய்விடுவார். மதாம் போகும்வரை தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஐந்தாவது ஆள் செலவழித்த தண்ணீரைவிட அவரை மறைக்க அப்பா செலவழித்த தண்ணீர்தான் அதிகமாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மிக்சர் பொட்டலத்தை நாங்கள் பிரித்ததே இல்லை. மதாம் போனதும் அது அடுத்த மாதத்துக்காக அலமாரி மேலேறிவிடும். மாதாமாதம் அதே பொட்டலம், அதே கசங்கல். ஏழெட்டு மாதத்தில் எண்ணெய் ஊறிக் காகிதமே கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

"ஊர்ல மழையா தம்பி?" என்று ஒரு சித்திரை மாதத்தில் மதாம் கேட்டார்.

"நல்ல மழைங்க மதாம். ஏரி ரொம்பிடுச்சு."

"அப்படியா! இந்தா இருக்குது பாகூரு. இங்க பாருங்க, ஒரு பொட்டு இல்ல."

அவர் போன பின் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "மதாமுக்கு வயசாயிடுச்சி அக்கா. இன்னா சொன்னாலும் நம்பிடுது." எனக்கு மதாம் மேல் இரக்கமாக இருந்தது. இவ்வளவு நல்லவரை இவ்வளவு சுலபமாக ஏமாற்றலாமா? அதற்கு ஈடாக அவர் காபியில் நான் ரகசியமாக ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை. பள்ளி விடுமுறை. அப்பா தொழிற்பேட்டையில் வேலைக்குப் போயிருந்தார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மாமா உள்ளறையில் பாயில் கிடந்தார். கொண்டிச் சத்தம். ஜன்னலில் பார்த்தால் மதாமின் கறுப்புக் குடை. புதன்கிழமையில்!

மாமாவை உலுக்கினேன். ஐஸ் உடைத்துவிட்டு வந்து தூங்குகிற மனுஷனை எழுப்ப ஒன்பது வயதுக் கை போதாது. அறைக்கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"அம்மா இல்லியா? பரவால்ல, உக்காந்திருக்கேன். ஒரு வாய் தண்ணி குடு பாப்பா."

கொடுத்தேன். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வாங்கிக் குடித்தார். அப்போது உள்ளேயிருந்து குறட்டை கிளம்பியது. மரம் அறுக்கிற மாதிரி, ஒரு தரம் இழுத்து, நிறுத்தி, மறுபடி.

"அது என்னா சத்தம்?"

"பக்கத்து வீட்டுத் தாத்தா மதாம்" என்றேன் கொஞ்சமும் தயங்காமல். "ரெண்டு வீட்டுக்கும் செவுரு ஒண்ணுதானே."

மதாம் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா. செவுரு ஒண்ணுதான்" என்றார். அதன்பின் அவர் குரல் இறங்கிவிட்டது. என்ன படிக்கிறாய், என்ன பாட்டுத் தெரியும் என்று எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகவே கேட்டார். நானும் கிசுகிசுப்பாகவே பதில் சொன்னேன். நடுநடுவே குறட்டை வந்தது. ஒரு பெரிய மனுஷியை இவ்வளவு சுத்தமாக ஏமாற்றிவிட்ட பெருமையில் எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. அந்தப் பக்கத்து வீட்டில் நாலு மாதமாகப் பூட்டுத் தொங்கியது. அதைத் தாண்டித்தான் மதாம் எங்கள் கேட்டுக்கு வந்திருக்க வேண்டும். இது எனக்கு உறைக்கவில்லை.

அம்மா வந்தாள். குடையைப் பார்த்தவள் மாமாவின் காதில் விழட்டும் என்று பெருங்குரலில், "மதாம்! வாங்க வாங்க!" என்றாள்.

மதாம் உதட்டில் விரல் வைத்தார். "மெதுவா பேசும்மா. பக்கத்து வீட்ல தூங்குறாங்க."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அரிசிப் பை கையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

"சங்கத்துலேர்ந்து கடுதாசி வந்துது" என்று மதாம் அதே கிசுகிசுப்பில் சொன்னார். "இந்த வீட்ல அஞ்சாவது ஆள் இருக்குன்னு. செயலாளர் இப்ப வரேன்னிருக்காரு."

சொல்லி வாய் மூடவில்லை, கொண்டி மறுபடி சத்தம் போட்டது. செயலாளர் நோட்டும் பேனாவுமாக உள்ளே வந்தார். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசினாலே மேடையில் பேசுகிற மாதிரி இருக்கும்.

"நானே கண்ணால பாத்தேன் மதாம். தெனமும் காலையில ஐஸ் வண்டியிலேர்ந்து ஒரு ஆளு எறங்கறான். நேரா இந்த வீட்டுக்குள்ள போறான்!"

நான் உலுக்கியும் எழாத மாமா அந்தக் குரலில் எழுந்துவிட்டார். கதவு திறந்தது. லுங்கி, வெற்று மார்பு, கன்னத்தில் பாயின் கோடுகள், கூடவே மீன் வாசனை. செயலாளரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மதாமைப் பார்த்தார். கடைசியாக அலமாரி மேலிருந்த மிக்சர் பொட்டலத்தைப் பார்த்தார். அது எட்டாத தூரத்தில் இருந்தது.

அம்மாவின் பார்வை சமையல்கட்டுப் பக்கம், அந்த வெயில் விழும் இடத்துக்குப் போய் நின்றது.

மதாம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வாங்க தம்பி! எப்ப வந்தீங்க?"

மாமா வாய் திறந்தார். "இப்... பதாங்க மதாம்."

"ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியங்க."

"பஸ்ல கூட்டமா?"

"நிக்க எடமில்லீங்க."

"இன்னா மதாம் இது!" என்றார் செயலாளர். "லுங்கியோட, சட்டையில்லாமலா பஸ் ஏறி வந்தான்?"

"வெயில்ல வந்தவரு, கழட்டிப் போட்டுட்டு சித்த சாஞ்சிருப்பாரு. என் வீட்டுக்கு வந்த விருந்தாளிய வந்தான் போனான்னு பேசுவீங்களா? நோட்ட குடுங்க. நாலு பேருன்னு எழுதி நானே கையெழுத்துப் போடறேன்."

போட்டார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெரிய. செயலாளர் மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் வந்து பாப்பேன் மதாம்."

"வாங்களேன். காப்பி போட்டுக் குடுப்பாங்க."

இருவரும் போனதும் நான் மாமாவிடம் துள்ளி ஓடினேன். "மாமா, மதாம் நம்பிட்டாங்க! கொறட்டையக்கூட நம்பிட்டாங்க!" மாமா சிரிக்கவில்லை. அம்மா சமையல்கட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் மூடவில்லை. என் சாமர்த்தியத்தை மெச்ச அந்த வீட்டில் ஆளில்லையே என்று எனக்கு வருத்தம்.

நாடகம் நின்றுபோகவில்லை. அதுதான் வேடிக்கை. நாங்களோ மதாமோ வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிட்டால், சங்கத்தின் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் மாமா மாதாமாதம் சுவர் ஏறினார். மழைக்காலத்தில் பாசி வழுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, நொண்டியபடி விருந்துக்கு வந்தார். அடுத்த மாதத்திலிருந்து மதாம் ஒரு புதுப் பழக்கம் பிடித்தார். கொண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே வராமல் கேட்டிலேயே நின்று ரிக்‌ஷாக்காரரைத் திட்டுவார். "மெதுவா ஓட்டக் கூடாதாப்பா? எலும்பெல்லாம் நொறுங்கிடுச்சி! பள்ளத்தையெல்லாம் தேடித் தேடி வுடுறியே!" ரிக்‌ஷாக்காரர் பீடியை ரசித்துக்கொண்டு தலையாட்டுவார். அதற்குள் மாமா செங்கல்லில் கால் வைத்து, பார்த்து, பதனமாக இறங்கிப் போய்விடுவார். வயதாக ஆக மதாமுக்குக் கோபம் கூடிவிட்டது என்று நான் தோழிகளிடம் சொல்லித் திரிந்தேன்.

அதற்குப்பின் எத்தனையோ வீட்டுக்காரர்கள். ஒப்பந்தத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவர்கள், ஆணி அடித்த ஓட்டையில் விரல் விட்டுப் பார்த்தவர்கள். யார் மேலும் எனக்குக் கசப்பு தங்கவில்லை. சின்ன வயதில் வாய்த்தவர் அப்படி. அந்த ஒருவருக்கு நான் பட்ட நன்றிக்கடன், மற்ற எல்லோருக்குமாகச் சேர்த்துப் போதுமானதாக இருந்திருக்கிறது.

மதாமின் மகன் அவரைப் பிரான்சுக்கே வந்துவிடச் சொன்னான். வீட்டை விற்றார். நாங்கள் சாரத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டோம். சாமான் ஏற்றிய டெம்போ கிளம்பும் நேரத்துக்கு மதாம் வந்தார். அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அம்மா கூச்சத்தில் நெளிந்து, பிறகு அவர் தோளிலேயே கொஞ்ச நேரம் முகம் வைத்திருந்தாள். அப்பா டிரைவர் பக்கத்தில். அம்மாவும் நாங்களும் மூட்டைகளுக்கு நடுவில். மாமா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு வாசலில் செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

மதாம் டெம்போவின் பலகையில் கை வைத்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க. அஞ்சு பேரும் நல்லா இருக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செயலாளர் காதில் விழுந்திருந்தால்? கடைசி நிமிஷத்தில் எல்லாம் பாழாகிவிட்டால்?

"நாலு பேரு மதாம்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். "மாமா விருந்தாளி. சாயங்காலம் ஊருக்குப் போயிடுவாரு!"

மாமா அந்தப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்தார். தூசு என்று நினைத்தேன். மதாம் எட்டி என் கன்னத்தைத் தொட்டு, அந்தப் பழைய கிசுகிசுப்பில் சொன்னார்:

"ஆமா பாப்பா. எனக்கு எப்பவுமே எண்ண வராது."